பெரிய மீனாகப் பார்த்து

ஊரே இந்தியை விரட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில், எனக்கு இந்தி தெரிந்ததால் ஒரு காரியம் வந்து சேர்ந்தது. நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். அங்கே காய்கறி வாங்கவே நாலு பாஷை வேண்டும். பர்மா ராணுவ சர்க்கார் கடையையும் வீட்டையும் பிடுங்கிக்கொண்டு எங்களைக் கப்பலேற்றியபோது, கையோடு வந்தவை சில பெட்டிகளும் இந்தப் பாஷைகளும்தான். மேற்கு மாம்பலத்தில் ஒரு போர்ஷனில் குடியேறினோம். கருவாடு வறுக்கிற நாளில் ஜன்னல்களைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, ஏதோ பூஜை நடக்கிறாற்போல வீட்டுக்காரரை ஏமாற்றுவோம். அவரும் ஏமாந்த மாதிரி இருந்துகொள்வார். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தி.நகரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். என் பாஷைகளைச் சீந்துவார் இல்லை.

ஒருநாள் முதலாளியின் மனைவி ஆபீசுக்கு வந்தார். மயிலாப்பூர்க்காரர், மாதர் சங்கம் ஒன்றில் பெரிய கை. நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏண்டிம்மா, நோக்கு ஹிந்தி வருமாமே? அடையார் தாண்டி, பீச் பக்கத்துல ஒரு வீடு எடுத்திருக்கோம். திபேத்துக் கொழந்தைகள். மைசூர்ப் பக்கத்து அகதி கேம்ப்லேர்ந்து வைத்தியத்துக்காக அழைச்சிண்டு வந்திருக்கு. அதுகள் பேசறது யாருக்கும் புரியலை. கேம்ப் ஸ்கூல்ல கொஞ்சம் ஹிந்தி படிச்சிருக்குகளாம். சனி, ஞாயிறு செத்த போய்ட்டு வாயேன்."

முதலாளி மனைவி கேட்டால் மாட்டேன் என்று சொல்லவா முடியும்? சைதாப்பேட்டையில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவனுக்குக் கால் வளைந்திருந்தது, ஒருத்திக்குக் கண்ணில் பூ. அவர்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரப் பெண், தென்னைமரத்துக்குப் புடவை சுற்றியது போல. எங்கேயோ பனி கொட்டும் தேசத்திலிருந்து பஸ்ஸும் லாரியுமாக மாறி மாறி வந்தவள். இலங்கைக்குப் போகிற வழியில் இந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு வாரம் உதவி செய்துவிட்டுப் போகிறேன் என்று தங்கியவள், மாதக்கணக்காகியும் கிளம்பவில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள், பேன் பார்ப்பாள், அவர்களுக்கு ஒரு எழுத்தும் புரியாத பாட்டுகளைத் தொண்டை கிழியப் பாடுவாள். அவளுக்குத் தெரிந்தது இங்கிலீஷ். பிள்ளைகளுக்குத் தெரிந்தது அரைகுறை இந்தி. நடுவில் நான்.

அந்த வீட்டில் இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஓர் அக்கா, ஒரு தம்பி. தம்பிக்கு ஆறு வயதிருக்கும், இருதயத்தில் ஓட்டை. நாலடி நடந்தால் குந்திக்கொள்வான். அக்காவுக்கு வியாதி ஒன்றுமில்லை, துணைக்கு வந்தவள். பன்னிரண்டு வயதுக்குள்தான் இருக்கும், பேச்சு மட்டும் பேரன் பேத்தி எடுத்தவள் மாதிரி. அம்மா வடக்கே மலையில் ரோடு போடுகிற இடத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா இன்னும் அங்கேதான் கல் உடைக்கிறார். தம்பியை முழுசாகத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இதை என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் அவனைக் கூட்டிப்போனோம். அவர் அவன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த உடம்பில் நான் கத்தி வைக்க மாட்டேன். சாப்பிட வைத்து எடையை ஏற்றிக் கொண்டுவாருங்கள். ஏற்றுகிறேன் என்று ரொம்ப நாளும் கடத்திவிடாதீர்கள்" என்றார். நான் இங்கிலீஷில் கேட்டதை இந்தியாக்கி அக்காவிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவன் சாப்பாடுதான் எல்லோருக்கும் ஒரே கவலை.

சாப்பாட்டில்தான் சங்கடம். மாதர் சங்கத்து மாமிகளுக்கு ஒரு தீர்மானம்: புத்தர் வழி வந்தவர்கள் மாமிசத்தைக் கண்ணாலும் பார்க்க மாட்டார்கள். அதனால் சுத்த சைவமாக ஒரு சமையற்காரரை வைத்து, மணக்க மணக்க சாம்பாரும் ரசமும் தயிர்சாதமும் போட்டார்கள். அந்தப் பிள்ளைகளோ குளிர்மலையில் எலும்பு வேகவைத்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். நான் முதலாளி வீட்டு மாமியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மாமி, இவங்க கறி சாப்பிடறவங்க."

"நீ பர்மாவுலேர்ந்து வந்தவளோன்னோ, நோக்கு அப்படித்தான் தோணும்" என்று சிரித்தார். "பருப்பு சாதத்துல நெய்யை விட்டு நன்னா பெசஞ்சு குடுக்கச் சொல்லு."

நல்ல மனுஷி. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். மற்ற பிள்ளைகள் புளிப்புக்கும் காரத்துக்கும் பழகிவிட்டார்கள். இவனுக்குப் பசியே வரவில்லை. சைதாப்பேட்டையில் ஆட்டெலும்பு வாங்கி, சூப்பு வைத்து, தூக்குச்சட்டியில் ஒளித்துக்கொண்டு போனேன். இரண்டு மடக்குக் குடித்து என் புடவையிலேயே வாந்தியெடுத்தான். வெள்ளைக்காரப் பெண் தினமும் அவனைத் தராசில் நிறுத்துவாள், முள் நகராது. தராசைத் திட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். ஊரூர் குப்பத்துக்காரர்கள் கரையிலிருந்து பெரிய வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை வந்து மணலில் மீன் கொட்டியதுதான் தாமதம், அக்கா ஏதோ கத்தினாள். பிள்ளைகள் எல்லோரும் ஓடினார்கள். இரண்டு கையாலும் மீனை அள்ளி அள்ளிக் கடலில் எறிந்தார்கள். வெள்ளைக்காரப் பெண் இதை விளையாட்டு என்று நினைத்துப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் எறிய ஆரம்பித்தாள்.

எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. ரங்கூனில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பார்த்ததுதான். வீட்டில் யாராவது படுத்துவிட்டால், பானையில் உயிர்மீன் வாங்கி ஏரியில் விடுவார்கள். சாகவேண்டிய உயிரைக் காப்பாற்றினால், அந்த ஆயுசு படுத்திருப்பவருக்குச் சேரும். அக்கா தம்பிக்கு ஆயுசு சேர்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது பானை மீன் இல்லை. வலையில் நசுங்கி, மணலில் புரண்டு, பாதி செத்த மீன். எறிந்ததையெல்லாம் அடுத்த அலை கொண்டுவந்து காலடியில் போட்டது. அவள் மறுபடி பொறுக்கி எறிந்தாள். மறுபடி வந்தது. காக்கைகள் வேறு கூடிவிட்டன. நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, எறி என்று சொல்லவும் முடியவில்லை.

குப்பத்திலிருந்து ஓர் அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மீன் விற்கிறவர், நாற்பது வயதிருக்கும்.

"ஏய், இன்னா பண்ணிக்கினு கீறீங்கோ? காத்தாலேர்ந்து வவுறு காஞ்சி இஸ்துகினு வந்த மீனுடி அது!" வெள்ளைக்காரப் பெண்ணின் கையை எட்டிப் பிடித்தார். "பன மரம் மாரி வளந்துகீற, உனுக்குமா மூள இல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு விஷயத்தைச் சொன்னேன். தம்பிக்கு உடம்பு சரியில்லை, மீனை விட்டால் பிழைப்பான் என்று நம்புகிறாள் என்றேன்.

"மீன வுட்டா புள்ள பொயச்சிக்குமா? அப்ப இத்தினி வருசம் புட்ச்சதுக்கு எங்க புள்ளைங்கள்ல ஒண்ணுகூட உசுரோட இருந்திருக்கக் கூடாதே!" என்று பொரிந்தவர், கொஞ்சம் நிதானித்து, "எந்தப் புள்ள?" என்றார்.

கட்டுமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனைக் காட்டினேன். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"வாயி ஏன் நாவாப்பழம் துன்னவன் மாரி கீது?"

சொன்னேன். இருதயத்தில் ஓட்டை, அதனால்தான் உதடு நீலம் என்று தெரிந்தபின் அவர் மீனைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது தூக்கில் எதையோ மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுறாப்புட்டு. வெங்காயமும் பூண்டும் போட்டு உதிர்த்து வறுத்தது. வாசனை எனக்கே நாக்கில் நீர் ஊற வைத்தது. "பெத்துப் போட்டவளுக்குக் குடுப்போம் இத்த. செத்தவன்கூட எய்ந்து குந்திக்கினு துன்னுவான்" என்று சொல்லி, விரலால் கொஞ்சம் கிள்ளி அவன் வாயில் வைத்தார். அவன் மென்றான். விழுங்கினான். வாயைத் திறந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளைக்காரப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

தண்ணீர் ஓரமாக மற்ற பிள்ளைகளோடு இருந்த அந்தச் சிறுமி அப்போதுதான் வந்து பார்த்தாள். தம்பி மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் இந்தியில், "அது எவ்வளவு பெரிய மீன் என்று கேளுங்கள்" என்றாள்.

"ஏன்?"

"எங்கள் ஊரில் பெரிய மிருகத்தைத்தான் சாப்பிடுவோம். ஒரு யாக்கு மாடு செத்தால் ஊரே சாப்பிடும். ஒரு உயிர், நிறைய வயிறு. சின்ன மீன் சாப்பிட மாட்டோம். ஒரு வயிற்றுக்கு எத்தனை உயிர் போகும்!"

நான் கேட்டேன். குப்பத்து அக்கா இரண்டு கையையும் விரித்து அகலம் காட்டினார். "பால்சுறா. எங்க வூடு, பக்கத்து வூடு, எதுத்த வூடு, அல்லாரும் துன்னோம்."

சிறுமி அதை மனசுக்குள் கூட்டிக் கழித்தாள். தலையாட்டினாள். "சரி. பெரிய மீனாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்."

அன்றிலிருந்து கடற்கரைச் சாப்பாடு. நான் வராத நாட்களில் வெள்ளைக்காரப் பெண்ணே அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். தராசு முள் நகர்ந்தது. அவள் போட்ட கூச்சலில் சமையற்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். மாதர் சங்கத்து மாமி அவன் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, "பாத்தியா, பருப்பு சாதத்தோட மகிமையை?" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். சிறுமியோ என்னிடம் இந்தி பேசுவதைக் குறைத்துக்கொண்டு குப்பத்துத் தமிழைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, லேட்டு?" என்று ஒருநாள் என்னையே கேட்டாள்.

எல்லா நாளும் சுறா கிடைத்துவிடுமா? சில வாரம் வலையில் வெறும் நெத்திலி. குப்பத்து அக்கா அதை மொறுமொறுவென்று வறுத்துக்கொண்டு வருவார். சிறுமி தட்டை உற்றுப் பார்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் தலை, ஒவ்வொன்றுக்கும் கண். வேண்டாம் என்று தள்ளிவிடுவாள். தம்பி அழுவான். "யம்மா, நீயாச்சும் சொல்லேன்" என்பார் அவர். நான் என்ன சொல்வது? கொடு என்றால் அவள் தம்பிக்குச் சேர்த்துவைத்த ஆயுசைக் குறைக்கச் சொன்னதாகும். வேண்டாமென்றால் டாக்டர் கேட்ட எடை ஏறாது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில் நடுவில் நிற்பவளுக்கு வேலையே இல்லை.

ஒருநாள் நல்ல பெரிய சுறாவாகக் கிடைத்தது. அறுப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்று சிறுமி ஓடினாள். எத்தனை பெரிது என்று பார்த்துவிட்டால் அவளுக்கு நிம்மதி. நானும் போனேன். குப்பத்து அக்கா வயிற்றைக் கீறினார். உள்ளேயிருந்து குட்டிகள் சரிந்து மணலில் விழுந்தன. விரல் நீளத்துக்கு, அச்சு அசலாகச் சுறா. இரண்டு மூன்று இன்னும் நெளிந்தன.

மீன் என்றால் முட்டை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சிறுமி குட்டிகளை வாரி மடியில் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். அலை அவளைப் புரட்டியது. எழுந்து மறுபடி நடந்தாள். கடைசியில் வெறும் மடியோடு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து என்னிடம் கேட்டாள், "இதற்கு முன்னால் தம்பி சாப்பிட்டதிலும் இருந்ததா?"

நான் அதைத் தமிழில் கேட்டேன். குப்பத்து அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "பொய் சொல்லச் சொல்றியா? பால்சுறா குட்டி போடுற சாதி. பொட்டையா இருந்தா இருக்கும்." அதை நான் இந்தியில் சொன்னேன். அவள் கேட்டதை இவரிடமும், இவர் சொன்னதை அவளிடமும் ஒப்படைத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

அந்த வாரம் டாக்டர் நாள் குறித்தார். எடை போதாது, ஆனால் இனிமேல் காத்திருக்கவும் முடியாது, அதற்குள் எவ்வளவு முடியுமோ ஏற்றுங்கள் என்றார். மறுநாள் கடற்கரையில் குப்பத்து அக்கா புட்டோடு வந்தார். சிறுமி தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் ஊட்டுகிறேன்" என்றாள் என்னிடம். "நான் ஊட்டினால் பாவம் எனக்கு. தம்பிக்கு வராது. சொல்லுங்கள்."

சொன்னேன். குப்பத்து அக்காவுக்கு வந்ததே கோபம். தட்டை வெடுக்கென்று பிடுங்கினார். "மொளச்சி மூணு எல வுடல, உனுக்கு இன்னாத்துக்குடி பாவம்? அறுத்தவ நானு, ஆக்குனவ நானு. என் தலைல எத்தினியோ கீது, இதுவும் கெடக்கட்டும். வுடு!"

அவள் விடவில்லை. இரண்டு பேரும் தட்டைப் பிடித்து இழுத்தார்கள். நடுவில் அந்தப் பயல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "எதற்குச் சண்டை?" என்று வெள்ளைக்காரப் பெண் என்னைப் பிடித்துக் கேட்டாள். பாவத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் ஒரு வாய் இவர், ஒரு வாய் அவள் என்று ஊட்டி முடித்தார்கள். ஆபரேஷன் வரைக்கும் தினமும் அப்படித்தான், கடைசி வாய் மட்டும் எப்போதும் அவளுடையது.

ஆபரேஷனுக்கு முன்பே வெள்ளைக்காரப் பெண் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. நாட்டில் தங்க அனுமதி முடிந்துபோயிற்று. போலீஸ் கமிஷனர் ஆபீசில் நானும் கூடப் போய்க் கெஞ்சினேன், நடக்கவில்லை. எழும்பூரில் ராமேஸ்வரம் வண்டி ஏறும்போது, அவனுடைய எடையை மட்டும் எனக்கு எழுது, எழுது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு மனுஷி இத்தனை தூரம் வந்து, இத்தனை பிரியம் வைத்து, ஒரு முத்திரை இல்லாததால் பாதியில் எழுந்து போகவேண்டியிருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

ஆபரேஷன் அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அவனை உள்ளே கொண்டுபோனபோது அக்காவைப் பார்த்துக் கை ஆட்டினான். நானும் அவளும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் விரலை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் தாண்டி டாக்டர் வெளியே வந்தார். நல்ல இங்கிலீஷில், மிகவும் மெதுவாக, என்னிடம் சொன்னார். முடிந்ததையெல்லாம் செய்தோம் என்றார். இருதயம் மறுபடி துடிக்கவில்லை என்றார்.

அவர் போய்விட்டார். இப்போது நான் அதை இந்தியில் சொல்ல வேண்டும். நாலு பாஷை தெரிந்தவள் நான். ஒன்றிலும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மடக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டாக்ஸியில் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குப்பத்து அக்கா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நின்றாரோ. நாங்கள் இறங்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது அவருக்கு. அப்படியே தெருவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்.

"நான் பாவிடி... பொண்ணு வாணாம் வாணாம்னு சொல்லிச்சே... இந்தக் கையாலதான குட்த்தேன்... அந்தக் குட்டிங்க சும்மா வுடலயே..."

அவரைத் தூக்க வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும். அந்தப் புட்டு இல்லாவிட்டால் அவன் இவ்வளவு நாள்கூட இருந்திருக்க மாட்டான் என்றாவது சொல்ல வேண்டும். நான் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிறுமி என் கையை விட்டுவிட்டுப் போனாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மாரில் அடித்துக்கொண்ட கைகள் இரண்டையும் பிடித்து இறக்கினாள்.

"அயுவாத யக்கா" என்றாள். "பாவம் உனுக்கு இல்ல, எனுக்கு. கடேசி வாய் நான்தான் குட்த்தேன்."